கடல் கடந்து வகுப்பறை பார்க்கப் போனவர்கள்



வாணிபம் நாடிக் கடல் கடந்தோர் கதை நம் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு உண்டு. மேற்படிப்புக்காகச் சென்றோரும், மருத்துவத்துக்காகச் சென்றோரும் நம் உறவினரிடையே உளர். ஆனால், ஐந்து வயதுக் குழந்தைகள் வகுப்பறையில் என்ன செய்கின்றனர் என்று பார்ப்பதற்காகவே அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டிச் சென்ற பேராசிரியர்களைப் பற்றிக் கேள்வியுற்றிருக்கிறீர்களா? 1960-களில் அப்படி ஒரு பயணம் நடந்தது. ஒருவர் இருவர் அல்லர். அமெரிக்காவின் ஆசிரியர்களும், பேராசிரியர்களும், பத்திரிகையாளர்களும் அணி அணியாக இங்கிலாந்துக்குச் சென்றனர். அவர்கள் தேடிப் போனது ஆக்ஸ்ஃபோர்டையோ கேம்பிரிட்ஜையோ அன்று. லெஸ்டர்ஷயர் போன்ற மாவட்டங்களின் சாதாரண அரசுத் தொடக்கப்பள்ளிகளையே தேடிச் சென்றனர்.

ஏன் சென்றனர்? 1957-இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அதைக் கண்டு திடுக்கிட்ட அமெரிக்கா, தன் பள்ளிகளில் அறிவியலும் கணக்கும் போதிய அளவில் இல்லையென்று கருதி, பெரும்பொருள் செலவிட்டுப் புதிய பாடத்திட்டங்களை வகுத்தது. பாடநூல்கள் மாறின. வகுப்பறை மாறவில்லை. பிள்ளைகள் வரிசையில் அமர்ந்து, மணி அடித்தால் எழுந்து, கேட்டால் விடை சொல்லி, கேட்காவிட்டால் வாய்மூடி இருந்தனர். கறுப்பின மக்கள் வாழும் நகர்ப்பகுதிப் பள்ளிகளிலோ நிலைமை இன்னும் கேடாக இருந்தது. இவ்வேளையில்தான் இங்கிலாந்தின் சில பள்ளிகளில் வேறொன்று நடக்கிறதென்ற செய்தி கசியத் தொடங்கியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆசிரியராயிருந்த வில்லியம் ஹல் என்பார் 1960-களின் தொடக்கத்தில் லெஸ்டர்ஷயர் பள்ளிகளைப் பார்த்துத் திரும்பி, தாம் கண்டவற்றை எழுதினார். 1967-இல் ஜோசஃப் ஃபெதர்ஸ்டோன் என்ற பத்திரிகையாளர் 'தி நியூ ரிபப்ளிக்' வார இதழில் மூன்று கட்டுரைகள் வரைந்தார். நியூயார்க் சிட்டி கல்லூரியைச் சேர்ந்த லில்லியன் வெபர் என்ற அம்மையார், ஒன்றரை ஆண்டு காலம் இங்கிலாந்திலேயே தங்கி, பள்ளி பள்ளியாக அமர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு ஓடி வரும் பயணியாக இல்லாமல் உட்கார்ந்து பார்த்தவர் என்பதாலேயே அவர் சொன்னதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

அவர்கள் கண்டது என்ன? ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகள் படிக்கும் 'இன்ஃபன்ட் ஸ்கூல்' ஒன்றைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். காலையில் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தால், ஆசிரியை எங்கே இருக்கிறார் என்பதே முதலில் தெரியாது. கரும்பலகை முன் அவர் நிற்கவில்லை. ஒரு மூலையில் ஒரு சிறுமியை அருகிருத்தி, அவள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார். மற்றொரு மூலையில் நான்கு பேர் தண்ணீர்த் தொட்டியருகே பலவகைக் குடுவைகளை வைத்துக்கொண்டு, இதில் எத்தனை கிண்ணம் கொள்ளும், அதில் எத்தனை கொள்ளும் என்று அளந்து எழுதுவர். தராசு ஒன்று இருக்கும்; கூழாங்கல்லும் விதைகளும் அதில் ஏறி இறங்கும். வண்ணம் தீட்டியவன் தன் படத்தின் கீழ் ஒரு வரி எழுத விரும்புவான். அவனுக்கு எழுதத் தெரியாவிடில், அவன் சொல்ல ஆசிரியை எழுதுவார். அடுத்த வாரம் அதே வரியை அவனே பார்த்து எழுதுவான். பிறகு பாராமலே எழுதுவான். ஒவ்வொரு பிள்ளையிடமும் தனக்குத் தேவையான சொற்களைத் தானே சேர்த்துக்கொண்ட ஒரு சிறு குறிப்பேடு இருக்கும். கணக்கு இப்போது, தமிழ் அப்போது என்பது போன்ற மணிக்கணக்குப் பிரிவு பெரும்பாலும் இல்லை. வகுப்பறை நிறைந்து, வழிநடையும் கூடமும் கூடப் படிக்கும் இடங்களாகிவிட்டிருக்கும்.

சில பள்ளிகளில் ஐந்து வயதினரும் ஏழு வயதினரும் ஒரே வகுப்பில் இருந்தனர். குடும்பத்தில் அண்ணன் தம்பி இருப்பதுபோல வகுப்பிலும் இருக்கட்டும் என்பது அதன் கருத்து. புதிதாக வந்த குழந்தைக்குச் செருப்பு எங்கே வைப்பது என்பது முதல் சொல் எப்படி எழுதுவது என்பது வரை முந்தைய ஆண்டுப் பிள்ளைகளே காட்டிக் கொடுப்பர்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை என்றால் நீங்கள் நம்ப வேண்டும். மக்தபில் பிள்ளைகளை ஓதவைத்தவர் எவரும் இதில் பாதியை அறிவர். ஒருவன் அலிஃப், பே எழுத்துகளில் இருப்பான். அவனருகே அமர்ந்திருப்பவள் அம்ம ஜுஸ்உவில் இருப்பாள். தூணோரம் இருப்பவனோ பத்தாவது ஜுஸ்உவைத் தாண்டியிருப்பான். எல்லாரும் ஒரே பாயில்தான். ஒவ்வொருவரும் உஸ்தாதின் முன் வந்து, தத்தம் சபக்கை ஒப்புவித்து, அடுத்ததைப் பெற்றுச் செல்வர். ஒருவன் பிந்தினான் என்பதற்காக மற்றவன் காத்திருப்பதில்லை. ஒருவன் முந்தினான் என்பதற்காக மற்றவன் தவறிய பிள்ளை என்று முத்திரை குத்தப்படுவதும் இல்லை. ஆனால் ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்கவும் கூடாது. அங்கே பிள்ளை எதைச் செய்வது என்பதில் அவனுக்கும் ஒரு பங்கு இருந்தது. மக்தபில் அது இல்லை. பிரம்பு இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இங்கிலாந்துக்குப் போனவர்களை அசத்திய செய்தி இன்னொன்று. அவ்வகுப்புகளில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் இருந்தனர் என்று எண்ணிவிடாதீர்கள். முப்பது, முப்பத்தைந்து, சில இடங்களில் நாற்பது பேர் வரை இருந்தனர். பிள்ளைகள் குறைவாக இருந்தால்தான் இப்படிக் கற்பிக்க முடியும் என்று நாம் சொல்லும் சாக்கு அங்கே எடுபடாது. நாற்பது பேரை ஓர் ஆசிரியை எப்படிச் சமாளித்தார்? அவருடைய குறிப்பேட்டில்தான் விடை இருந்தது. எந்தப் பிள்ளை என்று எந்தப் பக்கத்தை வாசித்தது, எந்தச் சொல்லில் தடுக்கியது, எவன் மூன்று நாளாகக் கணக்குப் பக்கமே போகவில்லை என்பதெல்லாம் அதில் நாள்தோறும் பதிவாயின. பார்க்க வந்தவர் கண்ணில் தண்ணீர்த் தொட்டி பட்டது. குறிப்பேடு பலர் கண்ணில் படவில்லை. பின்னால் நேர்ந்த துன்பங்களுக்கு இதுவே வித்து என்பேன்.

இத்தகைய பள்ளிகள் ஒரே இரவில் முளைத்தவையல்ல. 1931-இல் வெளியான ஹேடோ அறிக்கையே, தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தை மனப்பாடமாக அன்றிச் செயலாகவும் அனுபவமாகவும் எண்ண வேண்டுமென்று கூறிவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது நகரக் குழந்தைகள் ஆசிரியர்களோடு சிற்றூர்களுக்கு அனுப்பப்பட்டனர். பாடவேளை அட்டவணையெல்லாம் சிதறிப்போன அந்நாளில், பிள்ளைகளோடு இரவும் பகலும் வாழ்ந்த ஆசிரியர்கள் பலவற்றைக் கற்றனர். மேலும், இங்கிலாந்தில் அக்காலத்தில் என்ன கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது என்பதைத் தலைமையாசிரியரே தீர்மானித்தார். மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வரவில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது தேர்வு. அந்நாட்டில் பதினோரு வயதில் 'லெவன் பிளஸ்' என்றொரு தேர்வு உண்டு. அதில் தேறியவர் இலக்கணப் பள்ளிக்கும், தேறாதவர் வேறு பள்ளிக்கும் பிரிக்கப்படுவர்; வாழ்க்கையின் பாதை பதினோரு வயதிலேயே பிரிந்துவிடும். ஸ்டூவர்ட் மேசன் என்பார் கல்வி இயக்குநராக இருந்த லெஸ்டர்ஷயரில், 1957-இல் தொடங்கிப் படிப்படியாக இத்தேர்வைக் கைவிட்டனர். கழுத்தில் தொங்கிய கல் இறங்கியது. அதன் பிறகே அங்குள்ள தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் நிமிர்ந்து மூச்சு விட்டனர். தேர்வை வைத்துக்கொண்டே மாணவர் மையக் கல்வியையும் நடத்துவோம் என்போரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்கள்.

1967-இல் பிளவுடன் அம்மையார் தலைமையிலான குழு தன் அறிக்கையை வெளியிட்டது. குழந்தையே கல்வியின் நடுநாயகம் என்ற கருத்து அதற்குள் ஓடியது. அந்த அறிக்கை அமெரிக்காவிலும் ஆர்வத்தோடு படிக்கப்பட்டது. அதில் ஒரு கணக்கு இருந்தது. ஆய்வாளர்கள் நாட்டின் தொடக்கப்பள்ளிகளைத் தரம் பிரித்துப் பார்த்தபோது, தலைசிறந்தவை என்ற முதல் வரிசையில் வந்தவை நூற்றொன்பது பள்ளிகளே. நாட்டின் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர்! விருந்தினருக்குக் காட்டப்பட்டவை பெரும்பாலும் நல்ல பள்ளிகள்தாம். விருந்தினருக்கு யார்தான் ஒழுகும் கூரையைக் காட்டுவர்?

இனி, திரும்பிப் போனவர்கள் என்ன செய்தனர் என்று பார்ப்போம்.

லில்லியன் வெபர் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிப் பள்ளி ஒன்றில் 1967-இல் பணியைத் தொடங்கினார். பழைய கட்டடம்; இடிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. கதவுகள் திறக்கும் இடத்தில் வழிநடை ஒன்றிருந்தது. அங்கே தராசையும், மணலையும், நூல்களையும், கட்டைகளையும் கொண்டு வைத்தார். சுற்றியுள்ள சில வகுப்புகளின் பிள்ளைகள் குறித்த நேரங்களில் அங்கு வந்து கலந்து பழகினர். ஆசிரியரை அவர் கட்டாயப்படுத்தவில்லை. விரும்பியவர் வந்தனர், மற்றவர் கதவைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தனர். உள்ளதைக் கொண்டு, மெல்ல, மனமொப்பியவரோடு என்பதே அவர் வழி. வட டக்கோட்டாவில் வீட்டோ பெரோன் என்பார் வேறு வழியில் சென்றார். அம்மாநிலத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பலருக்குப் பட்டமே இல்லாதிருந்த காலம். 1968-இல் பல்கலைக்கழகத்திலேயே ஒரு புதிய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கி, அனுபவம் மிக்க அந்த ஆசிரியர்களையே மீண்டும் மாணவராக அமரச் செய்தார். பிள்ளைகள் எப்படிக் கற்க வேண்டுமென்று எண்ணினாரோ, அப்படியே ஆசிரியர்களும் கற்றனர். 1970-இல் சார்லஸ் சில்பர்மேன் எழுதிய 'கிரைஸிஸ் இன் தி கிளாஸ்ரூம்' என்ற நூல் பெருவாரியாக விற்று, இங்கிலாந்துப் பள்ளிகளின் புகழை நாடெங்கும் பரப்பியது.

புகழ் பரவியதும் வந்தது வினை. பல ஊர்களில் கல்வி அதிகாரிகள் செய்த முதற்காரியம் சுவரை இடித்ததுதான்; அல்லது சுவரே இல்லாத புதுக் கட்டடம் கட்டியதுதான். நூறு நூற்றிருபது பிள்ளைகள் ஒரே கூடத்தில். பயிற்சி இல்லை, பொருள் இல்லை, ஆசிரியரின் ஒப்புதலும் இல்லை. இரைச்சல் தாங்காமல் ஆசிரியர்கள் அலமாரிகளையும் கரும்பலகைகளையும் நிறுத்தி, இடித்த சுவரை மீண்டும் எழுப்பிக்கொண்டனர். சில ஆண்டுகளில் உண்மைச் சுவர்களே திரும்ப வந்தன. இங்கிலாந்தில் ஆசிரியையின் மனத்தில் இருந்த திறப்பை, கொத்தனாரிடம் ஒப்படைத்தால் வேறென்ன விளையும்?

இதைவிட ஆழமான ஒரு குறையைச் சுட்டியவர் லிசா டெல்பிட் என்ற கறுப்பின ஆசிரியை. ஃபிலடெல்ஃபியாவில் இத்தகைய திறந்த வகுப்பறையில் ஆர்வத்தோடு கற்பித்தவர் அவர். படித்த வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் விரைந்து முன்னேறினர். கறுப்பினப் பிள்ளைகளும் கற்றனர், ஆனால் அந்த வேகம் இல்லை. ஏன் என்று எண்ணிப் பார்த்து, 1986-இல் ஒரு கட்டுரை எழுதினார். 1995-இல் நூலாகவும் விரித்தார். அவர் சொன்னதன் சாரம் இது: எழுத்துநடை, பேச்சு முறை, கேள்விக்கு விடையளிக்கும் பாங்கு ஆகிய பண்பாட்டுத் திறவுகோல்கள் சில வீடுகளில் தாய்ப்பாலோடு கிடைக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளையைத் 'தானாகக் கண்டுபிடி' என்று விட்டால் கண்டுபிடிப்பான். அவை கிடைக்காத வீட்டுப் பிள்ளையை அப்படி விட்டால், அவன் தேடுவது எதை என்பதே அவனுக்குத் தெரியாது. அவனுக்கு வெளிப்படையாகச் சொல்லித்தான் தர வேண்டும். சொல்லித் தராமல் விடுவது சுதந்திரம் அளிப்பதன்று.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப்படி ஏறும் பிள்ளைகள் நம்மிடையே இன்னும் எத்தனை பேர்! பீடி சுற்றும் தாயின் மகளுக்கு, கட்டட வேலைக்குப் போகும் தந்தையின் மகனுக்கு, கண்டிப்பும் தெளிவும் உடைய ஆசிரியர் வேண்டுமென்று பெற்றோர் கேட்டால், அவர்களைப் பழமைவாதிகள் என்று எள்ளலாகாது. அவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதை டெல்பிட் அறிந்திருந்தார்.

இங்கிலாந்திலும் காற்று திசை மாறியது. இலண்டன் மாநகரின் இஸ்லிங்டன் பகுதியில் வில்லியம் டின்டேல் என்ற பள்ளியில் புதுமுறையின் பேரால் ஒழுங்கு குலைந்தது. பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டனர். 1976-இல் விசாரணை அறிக்கை வந்தது. அதே ஆண்டில் நெவில் பென்னட் என்பார் ஓர் ஆய்வை வெளியிட்டு, பழைய முறையில் கற்ற பிள்ளைகளே அதிகம் தேறினர் என்றார். நாளிதழ்கள் அதைக் கொண்டாடின. 1981-இல் அதே புள்ளிவிவரத்தை மீண்டும் ஆராய்ந்தபோது வேற்றுமை வெகுவாகச் சுருங்கியது. அதைக் கொண்டாட யாரும் இல்லை. 1976 அக்டோபரில் பிரதமர் கேலகன் ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் கல்லூரியில் ஆற்றிய உரைக்குப் பின், பாடத்திட்டம் ஆசிரியரின் தனியுரிமை அன்று என்ற கருத்து வலுத்தது. 1988-இல் தேசியப் பாடத்திட்டம் சட்டமாயிற்று. அமெரிக்கர் பார்க்க வந்த காட்சி, அது பிறந்த நாட்டிலேயே அருகிப்போயிற்று.

ஒரு நாட்டுக் கல்விமுறை கடல் கடக்கையில் உருமாறுவது இது முதன்முறையன்று. இதற்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பயணம் நடந்தது. அது தொடங்கிய இடம் நம் சென்னை. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-இல் எழும்பூரில் ஆண் அநாதைகள் காப்பகத்துப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். அருகே ஒரு திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். ஆசிரியர்கள் அதற்கு மனமொப்பாததால், படிப்பில் முந்திய ஒரு சிறுவனையே மற்றவருக்குக் கற்பிக்க வைத்தார். 1796-இல் தாயகம் திரும்பி, 1797-இல் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரால் அது இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் பரவியது. ஏன் பரவியது? ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரைப் படிக்க வைக்கலாம், செலவு குறைவு. திண்ணையில் மூத்த பிள்ளை இளைய பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதவைத்த அன்பு, அங்கே போய்ச் சேர்ந்தபோது தொழிற்சாலை அணிவகுப்பாக மாறியிருந்தது. வரிசை வரிசையாகப் பெஞ்சு, சட்டாம்பிள்ளைகள், கட்டளைகள். பெல்லின் கொடைப் பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1833-இல் எழுந்த பள்ளிக்கு 'மெட்ராஸ் காலேஜ்' என்று பெயர். இன்றும் அப்பெயரோடு இயங்குகிறது.

இப்போது இல்லக் கல்விக்கு வருவோம். வில்லியம் ஹல்லோடு ஒன்றாகக் கற்பித்தவர் ஜான் ஹோல்ட். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலில் பணியாற்றி, பின் ஆசிரியரானவர். ஹல் பாடம் நடத்துகையில் ஹோல்ட் பின்னால் அமர்ந்து பிள்ளைகளின் முகத்தையே பார்த்துக் குறிப்பெடுப்பார். விடை தெரிந்து சொல்வதைவிட, ஆசிரியர் எந்த விடையை விரும்புகிறார் என்று அவர் முகத்தைப் பார்த்து ஊகிப்பதிலேயே பிள்ளைகள் வல்லவராக இருப்பதைக் கண்டார். அச்சம்தான் அவர்களை மந்தமாக்குகிறது என்று முடிவு கட்டினார். 1964-இல் வெளிவந்த அவருடைய 'ஹவ் சில்ட்ரன் ஃபெயில்' இக்குறிப்புகளின் தொகுப்பே. தொடக்கத்தில் பள்ளியைத் திருத்திவிடலாம் என்று நம்பினார். 1970-இல் மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகருக்குச் சென்று, பள்ளி என்ற அமைப்பையே கேள்விக்குள்ளாக்கிய இவான் இலிச்சோடு தங்கி உரையாடினார். நம்பிக்கை தேய்ந்தது. 1977-இல் பிள்ளைகளை வீட்டில் கற்பிக்கும் குடும்பங்களுக்கென 'குரோயிங் வித்தவுட் ஸ்கூலிங்' என்ற சிற்றிதழைத் தொடங்கினார். 1985-இல் அவர் மறைந்த பின்னும் அது 2001 வரை வெளிவந்தது. மணமாகாதவர், தமக்கெனப் பிள்ளை இல்லாதவர், பிறர் பிள்ளைகளுக்காக இத்தனை எழுதினார்.

சட்டம் அவர்களுக்கு எளிதாக வழிவிடவில்லை. இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு சிறு சொல் இருந்தது: பிள்ளைக்கு ஏற்ற கல்வியைப் பள்ளிக்கு அனுப்பியோ வேறு வகையிலோ அளிப்பது பெற்றோர் கடமை என்பது அதன் கருத்து. அந்த 'வேறு வகை' என்ற சொல்லையே பிடித்துக்கொண்டு பெற்றோர் வாதாடினர். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வழக்குகள். 1990-களின் தொடக்கத்தில்தான் ஐம்பது மாநிலங்களிலும் இல்லக் கல்வி சட்டப்படி ஒப்புக்கொள்ளப்பட்டது. 1999-இல் அங்கே ஏறத்தாழ எட்டரை இலட்சம் பிள்ளைகள் வீட்டில் கற்றனர். 2012-இல் அது பதினேழு இலட்சத்தைத் தாண்டியது. ஜெர்மனியோ இதற்கு இடம் தரவில்லை. 2006-இல் ஒரு குடும்பம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றும் பயனில்லை. பல்வேறு மக்களோடு பழகிக் கற்பதும் குழந்தையின் நலனே என்ற ஜெர்மானிய நீதிமன்றங்களின் கருத்தில் அந்நீதிமன்றம் தலையிடவில்லை. இங்கிலாந்திலேயே, பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்கு ஒரு பதிவேடு வேண்டுமென்னும் மசோதா 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. நான்கு சுவருக்குள் இருக்கும் பிள்ளை கற்கிறதா, வதைபடுகிறதா என்பதை யார் அறிவர் என்ற கவலை அதன் பின்னே நிற்கிறது. அக்கவலையை நான் அற்பமாகக் கருதவில்லை.

கொரோனாக் காலத்துக்குப் பின் நம் பெற்றோர் சிலரும் இல்லக் கல்வியைப் பற்றி என்னிடம் கேட்கின்றனர். பள்ளிக் கட்டணம் தாளாதவர், பிள்ளை பள்ளியில் அடிபட்டு அஞ்சிப்போனவர், ஹிஃப்ழ் முடிக்கும் வரை இரண்டாண்டுகள் நிறுத்தி வைக்க விரும்புவோர் எனக் காரணம் பல. பட்டம் பெற்ற தாய், பகலில் நேரமுள்ளவர், பிள்ளையோடு பொறுமையாக உட்காரக்கூடியவர் என்றால் நான் தடுப்பதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பெண் பிள்ளை பெரியவளானதும் பள்ளியை விட்டு நிறுத்திவிட்டு, 'வீட்டிலேயே படிக்கிறாள்' என்று கூறும் தந்தையர் இன்றும் சிலர் உளர். என்ன படிக்கிறாள் என்று கேட்டால், அடுக்களையில் பாத்திரம் துலக்குகிறாள், தம்பியை இடுப்பில் சுமக்கிறாள். ஹோல்ட்டின் பெயரையோ வேறு எந்த அறிஞரின் பெயரையோ இதன்மேல் ஒட்டிவிடாதீர்கள். அமெரிக்கத் தாய்மார் பிள்ளைக்கு அதிகம் கொடுப்பதற்காக வீட்டில் வைத்தனர். கொடுக்க வேண்டியதைக் கொடாதிருப்பதற்காக வீட்டில் வைப்பது முற்றிலும் வேறு.

நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை பள்ளியை மையமாக வைத்தே பேசுகிறது. வீட்டிலேயே கற்பிப்போர் பெரும்பாலும் நம்பியிருப்பது 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தை. பத்தாம் வகுப்புக்கு இணையான அதன் தேர்வை எழுதப் பதினான்கு வயது நிறைந்திருக்க வேண்டும். எல்லாப் பாடத்தையும் ஒரே முறையில் எழுத வேண்டுவதில்லை, ஐந்தாண்டுகளுக்குள் ஒவ்வொன்றாகவும் முடிக்கலாம். ஏற்கெனவே படிப்பு நின்றுபோன பெண் பிள்ளைகளுக்கு இதுவே பெரும் வாய்ப்பு. பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழை வாங்கும்போதே பிறந்த தேதியும் பெயரெழுத்துகளும் ஆதார் அட்டையோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். பின்னால் திருத்த அலைவது பெரும்பாடு. விண்ணப்பிக்கும் முறையையும், நம் பகுதியில் அதற்கென வழிகாட்டும் மையங்களை அணுகும் வகையையும் இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் எழுதுகிறேன். ஐயமுள்ளோர் பிள்ளையின் வயதையும், எந்த வகுப்பில் நின்றது என்பதையும் தவறாமல் குறித்து எழுதுங்கள்.